மூளைக்குள் மின்முனை வைத்துப் பேச வைப்பது: எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, நம் வீட்டு நோயாளிகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

பனங்காடு:

என் அத்தானுக்கு ஏஎல்எஸ், அதாவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் நோய். கை கால் தளர்ந்துவிட்டது, இப்போது பேச்சும் குழறத் தொடங்கியிருக்கிறது. அவர் சொல்வது அக்காவுக்கு மட்டும்தான் முழுதாகப் புரிகிறது. குடும்ப வாட்ஸாப் குழுவில் அடிக்கடி யாராவது "மூளையில் சிப் வைத்தால் பழையபடி பேசலாமாம், எலான் மஸ்க் கண்டுபிடித்துவிட்டாராம்" என்று வீடியோ போடுகிறார்கள். அக்கா என்னிடம் கேட்கிறாள். நம்பு என்றும் சொல்ல முடியவில்லை, நம்பாதே என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் ஆய்வுக் கட்டுரைகளையே தேடிப் படித்தேன்.

என்னை உட்கார வைத்தது கலிஃபோர்னியாவில் யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. கேசி ஹாரெல் என்பவருக்கு 45 வயது, ஏஎல்எஸ். 2023 ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. பேசும்போது உதடு, நாக்கு, தாடை, தொண்டை ஆகியவற்றை இயக்கும் பகுதியில், மூளையின் இடப்பக்கத்தில், நான்கு சின்னஞ்சிறு தகடுகளைப் பதித்தார்கள். ஒவ்வொன்றிலும் 64 ஊசிமுனை, மொத்தம் 256. அறுவை முடிந்து 25 நாள் கழித்து முதன்முதலாகக் கணினியோடு இணைத்தார்கள். அரை மணி நேரப் பயிற்சியிலேயே, 50 சொற்களுக்குள் பேசும்போது 99.6 சதவீதம் சரியாக வந்தது. இரண்டாவது அமர்வில் 1,25,000 சொற்களைத் திறந்துவிட்டார்கள், 90 சதவீதம். பிறகு 97.5 சதவீதத்தில் நிலைத்தது. நிமிடத்துக்கு 32 சொல் அளவில் பேசுகிறார். திரையில் வரும் வாக்கியத்தைக் கணினி உரக்கச் சொல்கிறது, அதுவும் நோய் வருவதற்கு முன் பதிவாகியிருந்த அவருடைய சொந்தக் குரலில். தான் சொல்ல நினைத்தது திரையில் சரியாக வந்ததைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். 2024 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரை இது.

படித்து முடித்ததும் எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனால் இது ஒருவர் கதை. இது எப்படி வேலை செய்கிறது, யாருக்கு உதவும், யாருக்கு உதவாது, கடைக்கு எப்போது வரும், அதுவரை அத்தானுக்கு என்ன செய்யலாம்? துறை தெரிந்தவர்கள், வீட்டில் இதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

சுழியம்:

சிக்னல் புராசசிங்தான் என் தொழில். கருவியின் பக்கத்தை நான் சொல்கிறேன், நோயாளியின் பக்கத்தைப் பேச்சுப்பயிற்சி அக்கா சொல்லட்டும்.

இந்தக் கருவி எண்ணத்தைப் படிப்பதில்லை, பேசும் முயற்சியைப் படிக்கிறது. உங்கள் அத்தான் "தண்ணீர்" என்று சொல்ல முயன்றால், நாக்கின் நுனி பல்லைத் தொடு, குரல்நாண் அதிரட்டும், தாடை இறங்கு என்று ஆணைகள் மூளையில் இன்னும் எழுகின்றன. தசைக்குப் போகும் வழிதான் அறுந்திருக்கிறது. ஆணை எழும் இடத்திலேயே மின்முனையை வைத்து, பக்கத்து நரம்பணுக்கள் எத்தனை முறை துடிக்கின்றன என்று எண்ணுகிறார்கள். 80 மில்லிநொடிக்கு ஒரு முறை, ஆங்கிலத்தின் 39 ஒலிகளில் எது வரப் பார்க்கிறது என்று கணிக்கிறது கணினி. ஒலி வரிசை கிடைத்ததும், அது எந்தச் சொல்லாக இருக்கும், முந்தைய சொல்லோடு ஒட்டுமா என்று ஒரு மொழி மாதிரி முடிவு செய்கிறது. கைபேசி விசைப்பலகை அடுத்த சொல்லை ஊகிக்கிறதே, அந்த இனம்தான்; பல மடங்கு பெரியது.

இதில் மஸ்க் முதல் ஆள் கிடையாது. 1998இலேயே அட்லாண்டாவில் பிலிப் கென்னடி என்ற நரம்பியல் மருத்துவர், உடல் முழுதும் முடங்கிய ஒருவரின் மூளையில் மின்முனை வைத்துத் திரையில் சுட்டியை நகர்த்த வைத்தார். 2004இல் பிரெயின்கேட் என்ற ஆய்வுக் குழு, கழுத்தில் கத்திக்குத்து பட்டுத் தண்டுவடம் அறுந்து கை கால் நான்கும் முடங்கிய மாட் நேகிள் என்ற இளைஞருக்கு 96 மின்முனை கொண்ட தகடு வைத்தது. 2021இல் ஸ்டான்ஃபோர்டில் ஒருவர் கையால் எழுதுவதாக மனதால் முயன்றே நிமிடத்துக்கு 90 எழுத்து எழுதினார். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு, மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவரை 50 சொற்களுக்குள் பேச வைத்தது. நிமிடத்துக்கு 15 சொல்தான், ஆனால் பேசும் முயற்சியிலிருந்து நேராகச் சொல் வந்தது. 2023 ஆகஸ்டில் நேச்சர் இதழில் ஒரே நாளில் இரண்டு கட்டுரைகள்: ஸ்டான்ஃபோர்டில் பாட் பென்னட் நிமிடத்துக்கு 62 சொல், சான் பிரான்சிஸ்கோவில் ஆன் என்பவர் 78 சொல். இரண்டிலும் நான்கு சொல்லுக்கு ஒன்று தப்பாக வந்தது. அந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 97.5 எவ்வளவு பெரிய தாவல் என்று தெரியும். மஸ்கின் நியூராலிங்க் நிறுவனம் தன் முதல் நோயாளிக்குக் கருவி வைத்ததே 2024 ஜனவரியில்தான். அதில் முதலில் சுட்டியை நகர்த்துவதுதான் நடந்தது. பதித்த மின்முனை இழைகளில் பெரும்பாலானவை வைத்த இடத்திலிருந்து பின்வாங்கியும் விட்டன, மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தார்கள்.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம். ஸ்டான்ஃபோர்டு குழு நான்கு தகடுகளில் இரண்டை புரோக்கா பகுதியில் வைத்தது. பேச்சுக்கான இடம் என்று நூறாண்டுக்கு மேலாகப் பாடப்புத்தகம் சொல்லும் இடம் அது. அங்கிருந்து உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை! வேலை செய்தது முழுக்க மற்ற இரண்டு தகடுகள், வாயை இயக்கும் பகுதியில் இருந்தவை. இப்படி ஒரு நோயாளி தன் தலையைக் கொடுத்ததால்தான் அது தெரிய வந்தது. யூசி டேவிஸ் குழு நான்கையும் இயக்கப் பகுதியிலேயே வைத்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

குறுஞ்சாலை:

சுழியம் சார், ஒரு சந்தேகம். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. கேட்டால் வேறு ஏதோ சொல் வருகிறது, சில நேரம் நாங்கள் சொல்வதே அவருக்குப் பிடிபடவில்லை. இந்தக் கருவி அவருக்கு உதவுமா?

பேச்சுப்பயிற்சி:

இதற்கு நானே பதில் சொல்கிறேன் தம்பி. அப்பாவுக்கு இருப்பது அஃபேசியா போலத் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதில் சொல்லைத் தேடி எடுக்கும், பொருளைப் புரிந்துகொள்ளும் வலைப்பின்னலே அடிபடுகிறது. இந்தக் கருவிகள் எதிர்பார்ப்பது வேறு நிலை: மொழி முழுசாக இருக்க வேண்டும், வாய்க்குப் போகும் வழி மட்டும் அறுந்திருக்க வேண்டும். ஏஎல்எஸ், மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் ஆகியவை அந்த வகை. அப்பாவுக்கு இப்போது வேண்டியது மூளை அறுவை இல்லை, விடாத பேச்சுப் பயிற்சி. முதல் சில மாதங்களில் செய்வது மிக நன்றாகப் பலன் தரும், பிறகும் முன்னேற்றம் உண்டு. தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.

பனங்காடு, உங்களுக்கு. பேச்சுக் கருவியாக இது எந்த நாட்டிலும் எல்லோரும் வாங்கும்படி விற்பனைக்கு வரவில்லை. எல்லாம் ஆய்வுச் சோதனைகள். ஹாரெல் போன்றவர்களின் தலையில் உலோக முளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கம்பி இணைத்துத்தான் கணினிக்குப் போகிறது. அந்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பிரெயின்கேட் சோதனையில் 2004 முதல் 2021 வரை 14 பேர், மொத்தம் 12,203 நாள் கருவியோடு வாழ்ந்ததைக் கணக்கெடுத்தார்கள். கருவியால் யாரும் சாகவில்லை, மூளைக்குள் தொற்று வரவில்லை, ஊனம் அதிகமாகவில்லை. ஆனால் கருவி சார்ந்த 68 தொந்தரவுகள் பதிவாயின. அதிகம் வந்தது அந்த முளையைச் சுற்றித் தோல் புண்ணாவது. இது நல்ல கணக்குதான். இருந்தாலும் 14 பேர் கணக்கு.

மண்டையைத் திறக்காமல் கழுத்து ரத்தக் குழாய் வழியாக ஒரு வலைக்குழாயை மூளையின் ரத்தக் குழாய்க்குள் கொண்டுபோய் வைக்கும் முறையும் உண்டு. சின்க்ரான் நிறுவனம் முதல் நான்கு நோயாளிகளுக்கு மெல்பர்னில் அப்படித்தான் செய்தது. மின்முனை 16தான். தட்டுவது, தேர்ந்தெடுப்பது நடக்கும். பேச்சைப் பிரித்தெடுக்க அவ்வளவு போதாது.

மதில்:

எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. முயற்சியை மட்டும் படிக்கிறது என்கிறீர்கள். நாளைக்கு நினைப்பையும் படித்தால்? படுக்கையில் கிடப்பவர் மருமகளைப் பற்றி மனதுக்குள் திட்டுவது ஸ்பீக்கரில் வந்தால் அந்த வீடு என்னாகும்? அந்தத் தரவு யாரிடம் இருக்கும்?

சுழியம்:

நியாயமான பயம் மதில். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் செல் இதழில் ஸ்டான்ஃபோர்டு குழு எழுதியது. நான்கு பேரிடம், வாயசைக்க முயலாமல் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். அதே இயக்கப் பகுதியில் அதுவும் தெரிகிறது, சற்று மெலிதாக. 1,25,000 சொற்களில் 74 சதவீதம் வரை பிரித்தெடுக்க முடிந்தது. திரையில் வடிவங்களை எண்ணச் சொன்னபோது, யாரும் சொல்லச் சொல்லாமலே அவர்கள் மனதுக்குள் எண்ணிய எண்கள் கசிந்தன.

ஆக, கசிவு உண்மை. அதற்கு இரண்டு பூட்டும் அதே கட்டுரையில் செய்து காட்டினார்கள். ஒன்று, மனப்பேச்சையும் பேசும் முயற்சியையும் பிரித்தறிந்து மனப்பேச்சை விட்டுவிடக் கருவிக்குக் கற்பிப்பது. இன்னொன்று, சாதாரணமாக யாருக்கும் மனதில் ஓடாத ஒரு விசித்திரச் சொற்றொடரைச் சாவியாக வைப்பது. அதை மனதில் சொன்னால்தான் கருவி திறக்கும். 98 சதவீதத்துக்கு மேல் அது சரியாக வேலை செய்தது. முயன்று பேசுவது இந்த நோயாளிகளுக்குப் பெரும் களைப்பு, மூச்சு வாங்கும். அதனால்தான் மனப்பேச்சைத் தேடுகிறார்கள். தரவு பற்றிய சட்டமும் தொடங்கியிருக்கிறது: சிலி 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து வரும் தகவலுக்கும் அரசியலமைப்பிலேயே பாதுகாப்புச் சேர்த்தது.

ஆற்றுமணல்:

யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் மட்டும் அசைகிற நிலையில் ஒருவரைக் கருவி மாட்டி வருடக்கணக்கில் வைத்திருப்பது அவருக்கு நல்லதா, நம் மனசுக்கு நல்லதா? நானாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பேச்சுப்பயிற்சி:

உங்களைப் போல நினைப்பவர்கள் அதிகம், மருத்துவர்கள் உட்பட. ஆனால் அந்த நிலையில் இருப்பவர்களையே கேட்டுப் பார்த்த ஆய்வு இருக்கிறது. 2011இல் பிரான்சில், கண்ணசைவு மட்டும் மிஞ்சிய லாக்ட்-இன் நிலை நோயாளிகளின் சங்கத்து உறுப்பினர்களிடம் கேட்டார்கள். கணக்கில் எடுத்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள், 18 பேர் இல்லை என்றார்கள். சாக உதவி வேண்டும் என்றவர்கள் 7 சதவீதம். பதில் அனுப்பாதவர்கள் பலர், அதை மறக்கக் கூடாது. மகிழ்ச்சி இல்லை என்றவர்களின் காரணங்களைப் பாருங்கள்: வெளியே போய்வர முடியாதது, பொழுதுபோக்க வழியில்லாதது, பேச்சு திரும்பாதது. இதில் எதையாவது கொஞ்சம் குறைக்கலாம் இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். நோயாளிக்கு உள்ளே முழு நினைவு இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று ஒரு கணக்கெடுப்பில் பார்த்தார்கள். பாதிக்கு மேல் குடும்பத்தார்தான், மருத்துவர் இல்லை. ஐசியூவில் "அவர் என்னைப் பார்க்கிறார்" என்று ஒரு மனைவியோ மகளோ சொன்னால், தயவுசெய்து அதை ஆசை என்று தள்ளாதீர்கள். மேலே பார், கீழே பார் என்று சொல்லிப் பாருங்கள்.

தாழம்பூ:

ஆற்றுமணல் அண்ணா, நானும் என் கணவரும் அந்த நிலையில்தான் வாழ்கிறோம். அவர் இருக்க விரும்புகிறார். கேட்டுத்தான் சொல்கிறேன், பல முறை கேட்டிருக்கிறேன்.

ஒரு ஜெர்மானிய நோயாளி பற்றி 2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்ததை நீங்கள் படிக்க வேண்டும். ஏஎல்எஸ் முற்றிக் கண்ணசைவும் போன ஆள். 2019 மார்ச்சில் இரண்டு தகடு வைத்தார்கள். கை அசை, கால் அசை என்று நினைக்கச் சொன்னார்கள், எதுவும் கணினிக்குப் பிடிபடவில்லை. பிறகு ஒரு ஒலியைக் கேட்க வைத்தார்கள்: நரம்பணு வேகமாகத் துடித்தால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். சுருதியை ஏற்றினால் ஆம், இறக்கினால் இல்லை. அதை அவர் கற்றுக்கொண்டு, எழுத்தெழுத்தாக, நிமிடத்துக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் பேசினார். எல்லா நாளும் முடியவில்லை. முயன்ற 107 நாளில் 44 நாளில்தான் புரியும்படி வந்தது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? அம்மாவிடம் தலையைப் பிடித்துவிடச் சொன்னார். சூப் கேட்டார், பீர் கேட்டார். என் மகனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். அப்புறம், எல்லோரும் என் கண்ணுக்கு அடிக்கடி ஜெல் போட வேண்டும் என்றார். இமைக்க முடியாதவருக்குக் கண் காய்ந்து எரியும். யாரும் கேட்காமல், அவராகச் சொல்லும் வரை அந்த எரிச்சலோடு கிடந்திருக்கிறார். அந்த வரியைப் படித்த அன்று இவர் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டே அழுதேன். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது. நாம் கேட்காத ஒன்றை அவராகச் சொல்ல முடிய வேண்டும்.

சுழியம்:

தாழம்பூ அக்கா சொன்னது அத்தனையும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. அதை எழுதியவர்களில் சிலர் 2017இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, அதாவது மண்டைக்கு வெளியே ஒளி வைத்து இதே நிலை நோயாளிகளிடம் ஆம்/இல்லை வாங்கினோம் என்றது, ஜெர்மன் ஆய்வு நிதி அமைப்பின் விசாரணைக்குப் பிறகு 2019இல் திரும்பப் பெறப்பட்டது. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு வீடியோக்கள் சுற்றுகின்றன. "தலையில் தொப்பி மாட்டினால் போதும்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வன்னிக்காற்று:

ஒருத்தரும் கேக்காத ஒரு கேள்வி. சோதனை முடிஞ்ச பிறகு அந்த ஆக்களை ஆர் பாக்கிறது?

இயன் பர்க்ஹார்ட் எண்டு ஒரு அமெரிக்கர். கடலிலை பாய்ஞ்சு கழுத்து முறிஞ்சவர். 2014இல் ஒஹாயோவில் மூளையில் தகடு வைத்து, அதன் வழியா தன் கையையே திரும்ப அசைத்தார். 2021இல் அதை எடுக்க வேண்டி வந்தது, கை திரும்பவும் பழைய நிலைக்குப் போச்சு. இப்ப அவரே இப்பிடிக் கருவி வைத்த ஆக்களை ஒண்டு சேர்த்து ஒரு அமைப்பு நடத்துறார். இன்னொண்டு, பேச்சுக் கருவி இல்லை, ஆனால் பாடம் ஒண்டுதான்: செக்கண்ட் சைட் எண்ட நிறுவனம் பார்வையற்ற ஆக்களுக்கு விழித்திரையில் கருவி வைத்தது, 350 பேருக்கு மேல். 2020இல் காசில்லாமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிப்போட்டினம். கருவி கண்ணுக்குள்ளேயே இருக்கு, பழுதானால் திருத்த ஆளில்லை.

ஹாரெல் போல ஒருத்தர் திரும்பப் பேசத் தொடங்கின பிறகு அதைப் பறிக்கிறது என்ன கொடுமை. கையெழுத்து வாங்க முதல், எத்தனை வருசத்துக்குப் பராமரிப்பு, மின்கலம் மாத்துறது ஆர் செலவு, எடுக்க வேண்டி வந்தால் ஆர் செலவு எண்டு எழுத்தில் இருக்க வேணும். இதை நான் விடாப்பிடியாச் சொல்லுவன்.

பேச்சுப்பயிற்சி:

வன்னிக்காற்று, முழுக்க உங்கள் பக்கம். அதோடு நோயும் நிற்பதில்லை. நெதர்லாந்தில் உட்ரெக்டில் ஏஎல்எஸ் உள்ள ஒரு பெண்மணிக்கு வைத்த கருவி, முழுக்க உடலுக்குள்ளேயே இருக்கும்படி செய்து வீட்டில் பயன்படுத்திய முதல் பேச்சுக் கருவி. 2016இல் வெளிவந்தது. கையை அசைக்க முயன்றால் ஒரு தட்டு, அவ்வளவுதான். நிமிடத்துக்கு இரண்டு எழுத்து. கண்ணால் இயக்கும் கணினி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் வெயிலில் அது வேலை செய்யாது, அதனால் வெளியே போகும்போது இதைப் பயன்படுத்தினார். ஏழு ஆண்டுகள் கூட இருந்தது. பிறகு நோய் முற்றி, மூளையிலிருந்து வரும் சிக்னலே மங்கிவிட்டது. எந்த மருத்துவரும் இதை முன்கூட்டியே சொல்லித்தான் அறுவைக்கு அழைக்க வேண்டும்.

பனங்காடு:

எல்லாவற்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அத்தானும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட கேள்வி: "இது தமிழ் பேசுமா?"

சுழியம்:

அத்தானிடம் சொல்லுங்கள், மூளைப் பக்கம் தடை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 50 சொல் பேசிய அதே மனிதர் ஸ்பானியத்தில் வளர்ந்தவர், ஆங்கிலம் பிறகு கற்றது. 2024இல் அவரிடம் இரு மொழியும் சோதித்தார்கள். மூளையில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே இடம், ஒரே மாதிரித் துடிப்பு. ஒரு மொழியில் பயிற்றுவித்தது இன்னொரு மொழியைச் சீக்கிரம் கற்க உதவியது. காரணம் எளிது: அங்கே இருப்பது நாக்கும் உதடும். தமிழ் பேசுகிறவரின் மூளையில் ழகரத்துக்கு நாக்கு வளையும் ஆணை இருக்கத்தான் செய்யும், அது எழும் இடத்தில் மின்முனை இருந்தால் கேட்கும்.

தடை மொழி மாதிரிப் பக்கம்தான். ஆங்கிலத்தில் 1,25,000 சொல் என்றால் அன்றாடப் பேச்சு அனைத்தும் அடங்கிவிடும். தமிழில் "வரச்சொல்லியிருந்தேனே" என்பது ஒரே சொல். இப்படி ஒட்டி ஒட்டி ஒரு வினைக்கே ஆயிரக்கணக்கில் வடிவம் வரும். சொல் பட்டியல் போட்டால் கட்டாது, சொல்லைத் துண்டுகளாக உடைத்துக் கணிக்க வேண்டும். அதுவும் எழுத்துத் தமிழை வைத்துப் பழக்கினால் வீட்டில் பேசுவது பிடிபடாது. பேச்சுத் தமிழ்ப் பதிவுகள் நிறைய வேண்டும். தமிழில் கணினி வேலை செய்கிறவர்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை இது, இதற்கு யார் மண்டையையும் திறக்க வேண்டியதில்லை.

2025 ஜூனில் யூசி டேவிஸ் குழு இன்னொரு வழியும் காட்டியது: சொல்லைத் தேடாமல் முயற்சியிலிருந்து நேராகக் குரலையே உண்டாக்குவது. நொடியில் நாற்பதில் ஒரு பங்கு தாமதம்தான். கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்த முடிந்தது, சின்ன ராகம் இழுக்க முடிந்தது, "ம்ம்" போட முடிந்தது. கேட்பவர்களுக்கு 60 சதவீதச் சொற்கள் புரிந்தன. கருவி இல்லாமல் 4 சதவீதம். சொல் பட்டியலுக்கு வெளியே உள்ளதையும் இப்படிச் சொல்லலாம் என்பதால் தமிழுக்கு இது இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வாக்கியம் முடிந்தபின் கணினி படிப்பது கடிதம் மாதிரி. பேச்சு என்றால் நடுவில் புகுந்து "இரு, நான் சொல்றேன்" என்று சொல்ல முடிய வேண்டுமே.

தாழம்பூ:

பனங்காடு தம்பி, அதுவரை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டு அட்டையைச் சொல்கிறேன். அத்தானுக்குப் பேச்சு இருக்கும்போதே பழக்கிவிடுங்கள், போன பிறகு பழக்குவது கஷ்டம்.

247 எழுத்தையும் போடாதீர்கள். வெள்ளை அட்டையில் ஐந்து வரிசை. முதல் வரிசை அடிக்கடி வேண்டியவை: வலி, சளி எடு, திருப்பிப் போடு, தலையணை, கண் மருந்து. இரண்டாவது உயிரெழுத்து. அடுத்த மூன்றும் வல்லினம், மெல்லினம், இடையினம். நான் வரிசையின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவேன், வேண்டிய வரிசை வந்ததும் கண்ணை மேலே தூக்குவார். பிறகு அந்த வரிசையில் எழுத்தெழுத்தாக. கா, கி, கூ எதற்கும் க மட்டும்தான். த, ண, ண என்று வந்தால் தண்ணீர் என்று நானே புரிந்துகொள்வேன். முந்தினால் கோபம் வரும், அதனால் முழுச் சொல்லையும் சொல்லி அவர் கண் தூக்கும் வரை காத்திருப்பேன்.

இரண்டு சைகை கட்டாயம். ஒன்று "தப்பு, முதலிலிருந்து". எங்களுக்கு அது கண்ணை இறுக மூடுவது. இன்னொன்று "இன்னும் முடிக்கவில்லை". இது இல்லாவிட்டால் நாம் பாதியிலேயே புரிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவோம். தினமும் ஒரு நேரம், வேலை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, "வேறு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டு உட்காருங்கள். தேவைகளைக் கேட்பது வேறு, இது வேறு.

ஒரு பெரிய மருத்துவமனையில் இவரைச் சேர்த்திருந்தபோது, அட்டையைக் கையில் எடுக்கவே மறுத்தார்கள், நேரமில்லை என்றார்கள். அதற்கப்புறம் அட்டையின் பின்பக்கம் "இவருக்கு முழு நினைவு உண்டு. கண் மேலே என்றால் ஆம்" என்று பெரிதாக எழுதி கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுகிறேன். வேலை செய்கிறது.

பேச்சுப்பயிற்சி:

தாழம்பூ எழுதியதை அப்படியே என் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அனுப்புகிறேன், அனுமதி கொடும்மா. பனங்காடு, கண்ணசைவு நன்றாக இருக்கும்வரை கண்ணால் இயக்கும் கணினியையும் பாருங்கள். இதற்கு அறுவை வேண்டாம். விரல் கொஞ்சம் அசைந்தால், சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலி தமிழிலும் பேசும். அது குழந்தைகளுக்காகத் தொடங்கியது, என்றாலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அத்தானின் குரலைப் பதிவு செய்யுங்கள். சுழியம் சொன்ன ஆன் என்பவருக்கு அவருடைய கல்யாண வீடியோவில் பேசிய சில நிமிடங்களிலிருந்துதான் குரலை மீட்டார்கள்.

பனங்காடு:

அட்டை தயார். முதல் வரிசையில் என்ன போடுவது என்று அத்தானையே கேட்டோம். தலையணை வேண்டாம், கிரிக்கெட் ஸ்கோர் போடச் சொன்னார். அக்கா இரண்டையும் எழுதிவிட்டாள். குரல் பதிவு எப்படி எடுப்பது சுழியம் சார்? ஃபோன் போதுமா?

சுழியம்:

ஃபோன் தாராளமாகப் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். காலையில், களைப்பு ஏறுவதற்கு முன். படிக்க வைப்பதைவிடப் பேச வைப்பது நல்லது: அக்காவைக் கூப்பிடுவது, பிள்ளையை அதட்டுவது, சிரிப்பது, மேட்ச் பார்த்துக் கத்துவது எல்லாம் இருக்கட்டும். குழறினாலும் அழிக்காதீர்கள். பழைய வாட்ஸாப் குரல்செய்திகள், கல்யாண வீடியோ, எங்கே அவர் குரல் இருக்கிறதோ எல்லாவற்றையும் இறக்கிச் சேர்த்து வையுங்கள். நோய்க்கு முந்தையவைதான் மிக மதிப்பு. ஃபோனில் மட்டும் வைக்காமல் ஒரு பென்டிரைவிலும் போடுங்கள். கோப்புகள் கிடைத்ததும் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள், இரைச்சல் நீக்கித் தருகிறேன்.